குழாய் மாற்றும் தேதி

கார்க் கதவை அவ்வளவு மரியாதையாக நான் யாருக்கும் சாத்தியதில்லை. ஜும்ஆவுக்குக் கிளம்பிய மதார் மச்சானைப் பின்சீட்டின் வலது ஓரத்தில் உட்காரவைத்து, மந்திரிக்குச் சாத்துவதுபோல ஒரு கையை நெஞ்சில் வைத்துச் சாத்தினேன். பள்ளிவாசல் அடுத்த தெருதான். ஆனால் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஓட்டும் என் வாடகைக் காரில் ஏசி வேலை செய்கிறதென்று தேவிபட்டினத்துக்கே காட்ட வேண்டியிருந்தது.

கதவிடுக்கில் மாட்டியது மச்சானின் விலாவிலிருந்து வந்த குழாய். அவர் உள்பக்கம் நகர்ந்ததும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளைச் சட்டையில் பித்தநீர் பச்சையாகப் பரவியது.

"ஏலே காஜா, கதவு நல்லாச் சாத்திருச்சா?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் என் அக்காள் சூஃபியாவின் கணவர். கணையத்தில் கட்டி. அது ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் வழியை அடைத்துவிட்டதால், விலாவில் ஊசி குத்திக் குழாய் செருகி, பித்தத்தை வெளியே ஒரு பையில் வடியவிட்டிருந்தார்கள். வீட்டில் 'கட்டி' என்று யாரும் சொல்வதில்லை. மஞ்சக்காமாலை என்றுதான் பேச்சு.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினேன். அங்கே காத்திருக்கும்போது ஷார்ஜாவிலிருந்து அவர் மகன் இர்பானின் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வந்தது. "மாமா, வெளையாடாமச் சொல்லுங்க. அத்தா எப்படி இருக்காங்க? இப்ப வந்தா வேலை போயிரும். பெருநாளைக்கு லீவு தர்றேங்கிறான். அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கட்டுமா?"

பெருநாளுக்கு இன்னும் நாலு மாசம்.

"வரவேணாம்னு சொல்லு மாப்ள. எனக்கு என்ன, குழாய்தான கழண்டுச்சு" என்றார் மச்சான். ஆனால் என் போனை வாங்கி, மகன் குரலை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அப்புறம் ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே சுவரில் ஒரு பலகை. வயிற்றைக் கிழிக்காமல் ஊசித்துளை வழியாகச் செய்யும் சிகிச்சைகளாம். அடைத்த ரத்தக்குழாயைத் திறப்பது, கசியும் ரத்தக்குழாயை அடைப்பது, சீழ் வடிப்பது, பித்தம் வடிப்பது. அடைப்பெடுக்கவும் ஓட்டையடைக்கவும் ஒரே இடம். என் மெக்கானிக் பார்த்தால் பொறாமைப்படுவான். வாயைத் திறக்க வைக்கும் சிகிச்சை மட்டும் பலகையில் இல்லை. மச்சான் எப்படி இருக்காரென்று நர்ஸைக் கேட்டால் "டாக்டர்ட்ட கேளுங்க." போன மாதம் பார்த்த டாக்டர், "பாப்போம்." அக்காவுக்குப் போன் போட்டால் "இன்ஷா அல்லாஹ்." என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். போன வாரம் இர்பான் இதையே கேட்டதற்கு, "உங்கத்தா என்னையவிட நல்லாத் திங்கிறாரு" என்று சொன்னவன் நான். மச்சான் கஞ்சி குடித்தே ரெண்டு நாளாகியிருந்தது.

டாக்டர் முத்தழகு வெளியே வந்தார்.

"பழைய துளை வழியாவே புதுக் குழாய் போட்டாச்சு. இனிமே அவருக்குக் கதவு நீங்க சாத்தாதீங்க."

"கார்லயே கதவக் கழட்டிர்றேன், டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. கையில் கொடுத்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"போன தடவ, மூணு மாசத்துல குழாய மாத்தணும்னு தேதி போட்டுக் குடுத்தாங்க. இதுல தேதியக் காணமே? எனக்கு ஆயில் மாத்துனாக்கூட அடுத்தது எப்பன்னு ஸ்டிக்கர் ஒட்டிர்றாங்ய."

"தேதி வேணாம்."

"மாத்தவே வேணாமா? அல்ஹம்துலில்லாஹ்! அப்ப கட்டி கரைஞ்சிருச்சா?"

டாக்டர் இல்லையென்று தலையசைத்தார். என் சிரிப்பு முகத்திலேயே கிடந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"டாக்டர், அவரு மகன் ஷார்ஜாவுல இருக்கான். பெருநாளைக்கு வந்தாப் போதுமான்னு கேக்குறான். பாப்போம்னு மட்டும் சொல்லிறாதீங்க."

எக்ஸ்ரேக்காக மாட்டியிருந்த கனத்த ஈய அங்கியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குழாய் மூணு மாசம் தாங்கும். அவர் அதுவரைக்கும் தாங்க மாட்டார். மகன இப்பவே வரச் சொல்லுங்க."