வீராசாமியின் வட்டம்

1986 ஐப்பசியில் பருத்திப்பட்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போன வீராசாமி, உட்கார்ந்திருந்த லாரி டியூபோடு சுற்ற ஆரம்பித்து, அதன்பிறகு கரையேறவில்லை. காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒரே வேகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஏரிப்பக்கம் வருவார். கூட்டாளி வேம்புலி கயிறு வீசினார். இழுத்தவர்களும் கரையில் சுற்றத் தொடங்கியதால் கயிற்றை விட்டுவிட்டார்கள். வீராசாமி நீந்திப் பார்த்தார். தண்ணீர் அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து டியூபில் உட்காரவைத்தது. கரையை ஒட்டி அவர் வரும் நேரம் பார்த்து மனைவி அங்கம்மா மூங்கில் கழியில் தூக்குச்சட்டியை மாட்டி நீட்டுவார். அக்கம்பக்கத்தார் கெட்டுப்போன ரேடியோவையும் ஸ்டவ்வையும் நீட்டுவார்கள். அடுத்த சுற்றில் அவை சரியாகித் திரும்பும்.

அங்கம்மாவுக்கு ஒரே பயம்தான். ஏரி நடுவே செங்கல் சூளைக்காக மண்ணெடுத்த பெரும் பள்ளம் இருந்தது. வட்டம் மயிரிழை மயிரிழையாகச் சுருங்கினால்கூட ஒருநாள் அவர் அதில் போய் முழுகிவிடுவார். விரிந்தால் கரை தட்டி வீட்டுக்கு வருவார். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த கணக்குப் பேராசிரியை வசந்தகுமாரி அப்போது ஆராய்ந்துகொண்டிருந்ததே இந்தக் கேள்வியைத்தான்: ஒரு புள்ளியைச் சுற்றும் பாதை கிளம்பிய இடத்திலேயே வந்து மூடுமா, சுருளுமா? அவர் ஏரியைச் சமன்பாடாக்கி ஒரு எண்ணைக் கண்டுபிடித்தார். அது பூஜ்யத்துக்கு மேலே வந்தால் வெளியே, கீழே வந்தால் உள்ளே. பூஜ்யமே வந்தது. பூஜ்யம் வந்தால் ஒன்றும் தெரியாது, அதைவிடப் பெரிய கணக்கு போட்டு அடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அதுவும் பூஜ்யமாக வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. அங்கம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து கேட்டுவிட்டு, முகம் வாடி, கரும்பைக் கொடுத்துவிட்டுப் போவார்.

1994இல் ஒரு மாலை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கண்ணாடி பதித்த ஸ்டீல் பீரோ ஒன்று மீன்பாடி வண்டியில் ஏரிக்கரை மேல் போனது. வசந்தகுமாரி அந்தக் கண்ணாடியில் ஏரியைப் பார்த்தார். அதற்குள் வீராசாமி எதிர்த்திசையில், ஆனால் அதே தடத்தில் போய்க்கொண்டிருந்தார். ஏரியின் ஒரு பாதி மறு பாதியின் பிம்பம். ஒரு பாதியில் நடுவை நோக்கி எவ்வளவு நெருங்குகிறாரோ, மறு பாதியில் அவ்வளவும் விலகிவிடுகிறார். இனி எந்த எண்ணையும் தேட வேண்டியதில்லை, எல்லாமே பூஜ்யம்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கம்மா வீட்டுக்கு ஓடினார். உள்ளே போகமாட்டார், வெளியேயும் வரமாட்டார், எப்போதும் இதே வட்டம்தான் என்றார். கடைசிப் பகுதியைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அங்கம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப முழுவ மாட்டாரு, அவ்ளோதானே டீச்சரம்மா?"

"மாட்டார்."

அன்றைக்கே அங்கம்மா வீட்டைப் பூட்டி, பாயைச் சுருட்டி, இன்னொரு டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டு ஏரிக்குப் போனார். வீராசாமி வரும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

"இன்னா அங்கம்மே, நீயும் வந்துக்கினியா?"

"கொஞ்சம் நகுந்து குந்து."

இரண்டு டியூபையும் சேர்த்துக் கட்டினார்கள். பிறகு கயிற்றுக்கட்டில் வந்தது, மேலே கீற்று வந்தது, டப்பாவில் ஒரு துளசிச்செடி வந்தது. சாயங்காலம் தாளிக்கிற வாசனை ஏரியைச் சுற்றி வரும். வெளியூர்க்காரர்கள் யாராவது நின்று, என்ன அது என்று கேட்டால், வேம்புலி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்:

"அவங்க ஊடு."