பத்து மாப்பிள்ளைகள்

மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் குனிந்து என் கணவர் சிவானந்தன் கிணற்றில் விட மீன் தெரிவுசெய்துகொண்டிருந்தார். கந்தோரில் கிளாக்கர் வேலை; கடிதத்தில் ஒரு கமா பிழைத்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர். அதே முகத்தோடு, வால் மினுங்குகிறவையாகப் பார்த்துப் பத்து எடுத்தார். "இதுகள்தான் பெட்டையள். பெருகும்" என்றார். கொழும்பு வெள்ளவத்தைச் சந்தியில் நிறநிறமாக உடுத்திப் போகிறவர்கள் பெண்கள் என்பதால் மீனிலும் அப்படித்தான் என்று அவரே முடிவுகட்டியிருந்தார். மிஞ்சிய சாம்பல்நிற மீன்களைப் பக்கத்து வீட்டு ருக்கியா ராத்தா தன் கிணற்றுக்கு வாங்கிப்போனா.

மலேரியா சனத்தை வாரிக்கொண்டு போய் மூன்று வருஷம். சுகாதார இன்ஸ்பெக்டர் செபஸ்தியன் எங்கள் கிணற்றுத் தண்ணீரை அகப்பையில் மொண்டு பார்த்து, காய்ச்சலைப் பரப்புகிற நுளம்பின் குஞ்சு நெளிகிறது என்றார். ஒரு தகரம் மீனும் இரண்டு மாதத் தவணையும் தந்தார். மீன்கள் தின்று தீர்க்காவிட்டால் கிணற்றில் எண்ணெய் ஊற்றிவிடுவார்.

"எண்ணெய் ஊத்தினால் தண்ணிக்கு என்ன செய்யிறது? நீ ஏழாம் மாசமே ஊருக்குப் போ, பத்மா" என்றார் இவர். கிணறு சரிவந்தால் இங்கேயே இருக்கலாம் என்றும் சொன்னார். பிள்ளைப்பேறு தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். முதல் பிள்ளைக்கு அப்படித்தான் போனேன். பிள்ளைநோக் கண்டு, டாக்குத்தரிடம் மாட்டுவண்டியில் போகிற வழியிலேயே அது இல்லாமல் போயிற்று. இங்கே றிக்‌ஷோவில் ஏறினால் ஆஸ்பத்திரி. ஊருக்குப் போக எனக்குப் பயம். அதை அம்மாவுக்கு எழுத முடியாது.

ஆறு வாரம் போயிற்று. மீன்கொத்தி தூக்கியதும் வாளியில் நசிந்ததும் போகப் பத்து மீன் நாலாகிவிட்டது. குஞ்சு ஒன்றுகூட இல்லை. நுளம்புக் குஞ்சுகள் மட்டும் குறைவில்லாமல் நெளிந்தன. இவர் ட்ரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தார். எனக்கு அந்தப் பெட்டியை உதைக்கவேண்டும் போலிருந்தது.

அன்றைக்குத்தான் ராத்தா மதிலுக்கு மேலால் கூப்பிட்டா. அவவின் வீட்டு முற்றத்தில் ஒரு பேசின். அதற்குள் எங்கள் கிணற்றிலிருந்து அவ மொண்டுபோன மீன் ஒன்று, அவவின் மீன் ஒன்று.

"தங்கச்சி, வயித்துக்குக் கீழ ஈக்கிற செட்டயப் பாருங்க. ஒங்கடதுக்கு ஊசி மாதிரி ஒடுங்கி ஈக்கிது. இதுக்கு விசிறி மாதிரி."

பார்த்தேன். சாம்பல் மீன் இரண்டு மடங்கு பருமன். வயிறு முடிகிற இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு.

"அந்தப் பொட்டு கறுக்கக் கறுக்கப் பேறு கிட்ட. இது முட்ட போடாது, குட்டிதான் போடும்" என்ற ராத்தாவுக்குச் சிரிப்பு முட்டியது. "ஒங்கட மனிசன் எடுத்ததெல்லாம் மாப்புளமாரு!"

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே சாம்பல் மீன் உடம்பை ஒருமுறை குலுக்கியது. சுருண்ட ஒரு துளி விழுந்தது. அதில் இரண்டு கண்கள். அடிக்குப் போகுமுன் அது நிமிர்ந்து, வாலை ஆட்டி ஓடியது. என் கை என்னை அறியாமல் வயிற்றுக்குப் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்தா எட்டுப் பெட்டைகளைப் பிடித்து வாளியில் விட்டுத் தந்தா.

இவர் வாளியை எட்டிப் பார்த்தார். "இந்த வடிவில்லாததுகளோ?" என்றார்.

"ஓம், இதுகள்தான்."

தவணை நாளில் செபஸ்தியன் வந்தார். இவர் கந்தோருக்குப் போகவில்லை. ட்ரங்குப் பெட்டி வாசலில் கிடந்தது. அகப்பை கிணற்றுக்குள் இறங்கி ஏறியது. செபஸ்தியன் அதை வெயிலில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். நெளிகிறது ஒன்றுமில்லை. ஓரத்தில் இரண்டு கண்களும் ஒரு வாலும்.

"எண்ணெய் தேவையில்ல, ஐயா" என்றார்.

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்தார். "இது ஆணோ, பெட்டையோ?"

"இப்பச் சொல்லேலாது. கொஞ்சம் வளரட்டும்."

இவர் தலையாட்டினார். பிறகு அகப்பையை இரண்டு கையாலும் வாங்கி வாளிக்குள் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், கயிற்றை மெல்ல மெல்லக் கிணற்றுக்குள் இறக்கினார்.