மூலையில் ஓர் எழுத்து

என் மனைவி கோபித்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. காரணம் ஒரு சாக்பீஸ்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். நாள் முழுக்க அடுத்தவர்கள் எழுதியதன் ஓரத்தில் கிறுக்குவதுதான் என் வேலை. என் பொருள்மேல் அடுத்தவர் கிறுக்கினால் மட்டும் எனக்குப் பொறுக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னறையில் மரப்பூ செய்வேன். பூவைக் காகிதத்தில் வரைந்து, துண்டுக்குத் துண்டு எண் போட்டு, ஒவ்வொன்றையும் அதற்கான நிறமுள்ள பலகையில் ஒட்டி, நூல் போன்ற வாளால் அறுக்க வேண்டும். பிறகு உப்புத்தாளில் தேய்த்து, எல்லாவற்றையும் ஒரு பிளைவுட்மேல் இடைவெளி தெரியாமல் பொருத்த வேண்டும். சாயம் பூசக் கூடாது. சிவப்பு இதழுக்குச் சிவப்பு மரம், இலைக்குப் பச்சை ஓடிய மரம். இந்த வேலைக்கு மானமே அதுதான்.

என் பலகைகளின் மூலையில் சாக்பீஸால் ‘சி’, ‘ப’, ‘வெ’ என்று எழுதியிருக்கும். மரக்கடைக்காரர் போடுகிற குறி என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று மதியம் பின்னறைக்குள் நுழைந்தால், என் மனைவி தரையில் உட்கார்ந்து புதுப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

“என்ன பண்ற?”

“சும்மாதான். உங்களுக்குச் சுலபமா இருக்கட்டுமேன்னு.”

“எனக்கென்ன கண்ணு தெரியாதா? சிவப்பு எது, பச்சை எதுன்னு நீ வந்து பாடம் எடுக்கணுமா?”

அவள் அடுத்த பலகையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. சாக்பீஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் கண்முன்னாலேயே எல்லாப் பலகையிலும் எழுத்தைத் தேய்த்து அழித்தேன். இனிமேல் இந்த அறைக்குள் காலே வைக்காதே என்றும் சொன்னேன். மறுநாள் காலையில் பையோடு கிளம்பிவிட்டாள்.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அவள் அக்காதான் எடுத்தார். காலை பத்து மணிக்கு, “அவ தூங்குறா” என்றார்.

மன்னிப்புக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. எட்டு நாள் உட்கார்ந்து ஒரு சிவப்புப் பூ செய்தேன். சிவப்பு என்றால் அவளுக்கு உயிர். ஐந்து இதழ், மூன்று இலை, ஒரு காம்பு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று துண்டாக எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று துண்டு. கடைசியில் எண்ணெய் தடவியதும் மரத்தின் நிறம் எழுந்து நின்றது. இதைப் பார்த்துமா வரமாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் தம்பி பஸ் கண்டக்டர். பூவை அவளிடம் கொடுத்துவிடச் சொல்லி அவனைக் கூப்பிட்டேன். வந்தவன் பூவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி பூவைப் பார்த்தான்.

“மாமா, அக்கா மேல இன்னும் கோபம் போகலையா?”

“கோபம் இருந்தா எட்டு நாள் எதுக்குடா உயிரை விடுறேன்?”

“அப்ப இது என்ன, கிண்டலா?”

“எதுடா கிண்டல்?”

“எனக்கு எதுக்கு மாமா வம்பு? நான் கொண்டுபோய்க் குடுத்தா அக்கா என்னையும் சேர்த்துத் திட்டும்.” தொப்பியை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டான்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துண்டுகளை எண்ணினேன், இருபத்து மூன்று. வரைபடத்தோடு ஒப்பிட்டேன். இதழின் ரேகை வெளிப்பக்கம் ஓட வேண்டும், ஓடியது. அச்சில் ஒரு புள்ளி பிசகினால் பத்தடி தூரத்திலேயே பிடிப்பவன் நான். இதில் பிழை இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?

நானே பூவைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது அவள்தான். பொட்டலத்தை நீட்டினேன். பிரித்தாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவள் அக்கா, “இதென்னடி கூத்து, பூ பச்சையா இருக்கு, இலை செக்கச்செவேல்னு இருக்கு!” என்று சிரித்தார்.

“அக்கா, நீ உள்ள போ” என்றாள் இவள்.

நான் பூவையே பார்த்தேன். இதழ் இதழாகவும் இலை இலையாகவும்தான் இருந்தது. “எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு விளையாடுறீங்களா?”

“இல்லைங்க.” என் கையைப் பிடித்து வாசற்படியில் உட்கார வைத்தாள். “உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுபோலத் தெரியுது. கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும். அதான் எழுதி வைப்பேன்.”

ஐம்பத்து மூன்று வயதில் ஒருவனிடம் சொல்லுகிற சங்கதியா இது? என் சட்டைகள், வாசல் கதவின் வண்ணம், நான் பெருமையோடு ஊருக்குக் கொடுத்த பூக்கள் எல்லாம் தலைக்குள் சுற்றின. அந்தப் பூக்களெல்லாம் சரியாக வந்தது யாரால் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“முதல் வருஷம் உனக்கு ஒரு சேலை வாங்கிட்டு வந்தேனே. பச்சைச் சேலை.”

“சிவப்புங்க.”

“அன்னைக்கே ஏன் சொல்லலை?”

“பச்சை உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்குன்னு சொல்லிக்கிட்டே சுத்திச் சுத்தி வந்தீங்க. அதுல போய் எங்க குறை சொல்றது?”

சட்டைப்பையில் அந்தச் சாக்பீஸ் துண்டு இன்னும் கிடந்தது. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“வா, வீட்டுக்குப் போகலாம். பலகையெல்லாம் மொட்டையாக் கிடக்கு.”

“அறைக்குள்ள கால் வைக்கலாமா?”

“வை. இனிமே எனக்குத் தெரிஞ்சே எழுது.”

அவள் பையை எடுத்துவர உள்ளே போனாள். நான் பூவை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். என் கண்ணுக்கு அது அப்போதும் சரியாகத்தான் இருந்தது.