பெயிண்ட் குடித்த இடங்கள்

என் கணவரைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘துரு’ என்றுதான் சொல்வார்கள். குழாயின் தடிமனை மீட்டர் வைத்து அளப்பதும், சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பதும், துரு தின்று மெலிந்த இடத்தில் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போடுவதும் அவர் வேலை. அதே இடத்தில் பெயிண்ட் காண்டிராக்ட் எனக்கு. என்னோடு சேர்த்து எட்டுப் பெண்கள். “நான் கண்டுபிடிக்கிறவன், நீ மூடி மறைக்கிறவ” என்று இருபது வருஷமாக என்னைச் சீண்டுகிறார். “நான் இன்னும் கொஞ்சம் நல்லா அடிச்சா உங்க பொழப்பே போயிடும், ஜாக்கிரதை” என்று நானும் திருப்பிக் கொடுப்பேன்.

அவரிடம் ஒரு பழக்கம். வட்டம் போட்டதும் நோட்டில் எழுத மாட்டார். முழுக்க அளந்து முடித்து, வட்டம் போட்ட இடங்களை மட்டும் திரும்பவும் முதலிலிருந்து அளந்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் பேனாவைத் திறப்பார். மளிகைக் கடைச் சீட்டையே மூன்று தடவை பார்க்கிற மனிதர், என்ன செய்ய.

வருஷத்துக்கு ஐந்து நாள் தொழிற்சாலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த ஐந்து நாளில் எல்லோருக்கும் பயம் ஒன்றே ஒன்றுதான்: உப்புத் தண்ணீர் வரும் பெரிய குழாய். நாற்பது தூண்களின் மேல் முற்றம் முழுக்க ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன் அது வெடித்து ஒன்பது நாள் வேலை நின்றது. “அந்த ஒம்பது நாள்ல போன காசுக்கு இதே குழாய நாலு தடவ புதுசா போட்டிருக்கலாம்” என்று மேனேஜர் இன்றும் புலம்புவார்.

இந்த வருஷம் மூன்றாம் நாள் சாயங்காலம் என் கணவர் வட்டம் போட்டு முடித்தார். நான்காம் நாள் காலை அவரை அவசரமாக பாய்லர் பக்கம் அனுப்பிவிட்டார்கள். என்னிடம் மேனேஜர் வந்து, “முதலாளி நாளைக்கு வர்றார். குழாய் முழுக்க இன்னைக்கே பளபளன்னு இருக்கணும்” என்றார். பெயிண்ட் அடிக்குமுன் குழாயைத் துணியால் துடைப்போம். மஞ்சள் வட்டங்களைப் பார்த்துப் பெண்களில் ஒருத்தி, “அக்கா, அண்ணன கேட்டுடலாமா?” என்றாள்.

கேட்டிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் டீ வடிகட்டியை யார் தொலைத்தது என்று எங்களுக்குள் சண்டை. நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். நானாகப் போய்ப் பேசுவதா? “நோட்டுல எழுதியிருப்பார், தொடைங்கடி” என்றேன். என் கோபத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

ஐந்தாம் நாள் காலை நோட்டும் கையுமாக வந்தவர், பளபளக்கும் குழாயின் கீழே நின்றார். இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, “என் வட்டமெல்லாம் எங்க?”

கையிலிருந்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மேனேஜர் ஓடி வந்தார். மூன்று மணிக்கு முதலாளி முன்னால் தண்ணீர் விட்டாக வேண்டும். நாற்பது தூணையும் மறுபடி அளக்க மூன்று நாள் ஆகும். “யாரு அழிச்சது? சொல்லுங்க, அந்தக் காண்டிராக்ட இப்பவே முடிச்சிடுறேன்.”

“தப்பு என்னோடது சார். நான் எழுதி வெச்சிருக்கணும்” என்றார் இவர்.

எட்டுப் பேர் பிழைப்பு. மென்று விழுங்கியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி விழுங்குவது? “தொடைக்கச் சொன்னது நான்தான் சார்” என்றேன்.

மொத்தம் பத்து வட்டம் என்பது அவருக்கு நிச்சயம். அதில் நாலு இடம்தான் நினைவு வந்தது. மற்றதெல்லாம் தூணுக்குத் தூண் ஒரே மாதிரி. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்தபோது எனக்குப் பதினாலாம் தூண் ஞாபகம் வந்தது. அவர் சொன்ன நாலில் அதுவும் ஒன்று. அங்கே எத்தனை அடித்தும் பளபளப்பே வராமல் நேற்று உயிரை வாங்கியது.

“ஏங்க, துரு தின்ன எடம் பெயிண்ட குடிக்கும். ஒரு கோட் போதாது, திரும்பத் திரும்பக் கேக்கும். எங்கெங்க குடிச்சதுன்னு எங்க கை சொல்லும்” என்றேன்.

பெண்களைக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஐந்து தூண். “இங்க ரெண்டு கோட் வாங்குச்சு”, “இந்த வளைவுல பிரஷ்ஷே வத்திப்போச்சு” என்று காட்டக் காட்ட, அவர் பெயிண்டைச் சுரண்டி மீட்டர் வைத்தார். மத்தியானத்துக்குள் பத்தும் கிடைத்துவிட்டது. வெல்டர்கள் ஏறிவிட்டார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் தூண் என் பங்கு. அதன் கீழே உள்ள பெஞ்சில்தான் நாங்கள் இரண்டு பேரும் தினமும் சாப்பிடுவோம். அங்கே மூன்று கோட் அடித்தேன். நம்ம இடமாச்சே, பேசாவிட்டாலும் அழகாக இருக்கட்டும் என்று ஆசையாய் அடித்ததாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது சந்தேகம் வந்தது. சொன்னால் மூன்று மணி என்பது போய்விடும், கூடவே காண்டிராக்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

“இன்னொரு எடம் இருக்கு” என்றேன்.

“பத்துதான் போட்டேன்.”

“பன்னெண்டாம் தூண அளந்தீங்களா?”

யோசித்தார். “அங்க வந்தா சாப்பாட்டு நேரம். சாப்பிட்டு எழுந்து நேரா பதிமூணுக்குப் போயிருக்கேன் போல.”

ஏணி போட்டு ஏறினார். மெல்லத்தான் தட்டினார். சத்தமே இல்லை, சுத்தியல் உள்ளே போய்விட்டது. துருச் செதில்கள் பொலபொலவென்று பெஞ்சின் நிழல் பக்கத்தில் கொட்டின. அது நான் உட்காரும் பக்கம்.

இறங்கி வந்தவர் பெஞ்சில் கிடந்த செதில்களைக் கையால் தட்டிவிட்டார். “வெயில் படக்கூடாதுன்னு தெனமும் உன்னத்தான் இந்தப் பக்கம் உக்கார வெச்சேன்” என்றார்.

மேனேஜர் ஓட்டையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். “ஒன்றரை நாள் போகும். போகட்டும், ஒம்பது நாள் இல்லையே. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “புதுக் குழாய்க்கும் நீங்கதாம்மா அடிக்கணும். இனிமேலாவது கேட்டுட்டுத் தொடைங்க.”

பெஞ்சை முற்றத்தின் நடுவே இழுத்துப் போட்டோம். நல்ல வெயில். அவர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

“கோவம் வந்தா நல்லா திட்டு. பேசாம மட்டும் இருக்காத.”

“வடிகட்டி உங்க டிபன் பைக்குள்ளதான் இருக்கு. காலையில பாத்தேன்” என்றேன்.

அசடு வழியச் சிரித்தார். பிறகு நோட்டைத் திறந்து, முதல் வரியில் ‘பன்னிரண்டாம் தூண்’ என்று எழுதினார். இன்னொரு தடவை அளந்து பார்க்கவில்லை.