நினைவு மலரில் வந்து நின்ற பெண்

"கீழை வைச்சிட்டுக் கதையுங்கோ எண்டுறன்—"

"கையை எடு மலர், வயர் அறப்போகுது—"

"அறட்டும்! அறுந்தா நீங்கள் கொண்டு போகமாட்டியள்தானே—"

"கடைக்காரன் மூண்டு மணிக்கு வரச் சொன்னவன், இப்ப வெளிக்கிட்டால்தான்—"

"நாலு மணிக்கு ரீச்சர் வாறா! அவாவுக்கு என்னத்தைக் காட்டுறது? வெறும் மேசையையோ?"

சின்னராசா கணினிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். வயரின் மறுமுனை அவருடைய மனைவி நேசமலரின் கையில் இருந்தது. முற்றத்தில் மோட்டார் சைக்கிள் தயாராக நின்றது. பின் சீற்றில் சாக்கு விரித்து, கட்டுவதற்கு ரியூப் ரப்பரும் போட்டிருந்தார். மல்லாவிக்குப் போய், பெட்டியைக் கடையில் கொடுத்து, உள்ளே இருப்பது எல்லாவற்றையும் துடைப்பித்துக்கொண்டு வருவது அவருடைய திட்டம்.

"துடைச்சா எல்லாம் போகும் எண்டு அந்தக் கடைக்காரனே சொன்னவனோ இல்லையோ?"

"சொன்னவன். புதுசு மாதிரி வரும் எண்டும் சொன்னவன்."

"புதுசு மாதிரி வந்தென்ன? நூற்றிப் பதினேழு பேர் இதுக்குள்ளை இருக்கினம்."

நூற்றுப் பதினேழு பேரும் இறந்தவர்கள். ஸ்கந்தபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் யார் காலமானாலும், முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலரை நேசமலர்தான் ஏழு வருடங்களாகச் செய்து வருகிறாள். முகப்பில் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சவழி, கடைசியில் நன்றி. அச்சடிக்க மட்டும் கிளிநொச்சிக்குப் போகும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களைத் தொலைத்த சனங்கள் மிஞ்சிய ஒரேயொரு அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவள் கறையையும் மடிப்பையும் நீக்கி முகத்தை மீட்டெடுத்துக் கொடுப்பாள். அந்த முகங்கள் அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை.

"பேய் பிடிச்ச பெட்டி இது. நேற்று அந்தப் பெட்டை வந்து நிண்டது மறந்துபோச்சோ?"

மறக்கக்கூடிய காரியமா அது? நேற்றுப் பின்னேரம், காலஞ்சென்ற தபாலதிபர் கனகலிங்கத்தாரின் மலரைச் சரிபார்க்க அவருடைய மூத்த மகள் விமலேஸ்வரி ரீச்சர் வந்திருந்தா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். தாயார் அன்னபாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தியிருந்தா. திரை நிறைய, திருநீற்றுக் குறியோடு கனகலிங்கத்தார். அப்போது "டிங்" என்றொரு சத்தம். திரையின் மூலையில் ஒரு பெண் எழும்பி வந்து நின்றாள். உடுப்பென்று சொல்ல அவளிடம் அதிகம் இருக்கவில்லை. "இன்று தனியாக இருக்கிறீர்களா? என்னோடு பேசலாமே" என்று பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்த அன்னபாக்கியம்தான் முதலில் வாய் திறந்தா.

"இது ஆர் பிள்ளை? எங்கடை ஜெயந்தன்ரை மூத்தவளோ? கனடாவிலை இருந்து எப்ப வந்தவள்?"

"அம்மா, கண்ணை மூடுங்கோ!"

"ஏன்ரி? பேரப்பிள்ளையைப் பாக்கக் கூடாதோ?"

நேசமலர் அவளை விரட்ட, "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்" என்று அடுத்தது வந்தது. அதையும் விரட்ட, அந்தப் பெண் வேறொரு உடுப்பில் திரும்பி வந்தாள்.

ரீச்சர் கதிரையை விட்டு எழும்பிவிட்டா.

"நேசமலர், என்ரை அப்பா தேவாரம் பாடாமல் ஒரு பிடி சோறு தின்னாத மனுசன். அவரை இதுக்குப் பக்கத்திலை வைக்க எனக்கு மனமில்லை. நாளைக்கு நாலு மணிக்கு இன்னொருக்கா வருவன். அப்பவும் இப்பிடியெண்டால் படங்களைத் திருப்பித் தாரும். நாங்கள் வேறை இடத்திலை குடுப்பம்."

ரீச்சர் ஒரு வீட்டில் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு ஒருவரும் தங்கள் வீட்டுச் செத்தவரை நேசமலரின் திரையில் ஏற்ற விடமாட்டார்கள்.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ," என்றாள் அவள், வயரை விடாமல்.

"என்ன செய்யப்போறாய்?"

"வாசிக்கப்போறன்."

"என்னத்தை?"

"வாற அந்தப் பெட்டையைத்தான்."

சின்னராசா ஒரு பெருமூச்சோடு பெட்டியை மேசையில் வைத்தார். "மூண்டு மணி வரைக்கும்தான். பிறகு நீ வயரிலை தொங்கினாலும் கொண்டு போவன்."

வயர்களைப் பூட்டிக் கணினியைப் போட்டார்கள். கனகலிங்கத்தார் வந்தார். அந்தப் பெண் வரவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது.

"பாத்தியே, வேண்டாம் எண்டேக்கை விழுந்தடிச்சு வாறாள். வேணும் எண்டால் காணேல்லை."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

"டிங்."

"வந்திட்டாள்!" சின்னராசா பாய்ந்து உள்ளங்கையால் திரையைப் பொத்தினார்.

"கையை எடுங்கோ, மறைக்குது!"

"மறைக்கத்தானே வைச்சனான்!"

"எனக்கு அவள் தேவையில்லை. அவளுக்குக் கீழை இருக்கிற எழுத்துத்தான் தேவை. எடுங்கோ!"

நேசமலருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மலரைச் சரிபார்க்கும்போது கடைசி வரியிலிருந்து மேலே மேலே வாசிப்பாள். மேலிருந்து வாசித்தால் கண் பழகிப்போய்ப் பிழையைத் தாண்டி ஓடிவிடும். ஒருமுறை வம்சவழியில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டு, அந்தக் குடும்பம் இரண்டாகி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு பகுதி வரவேயில்லை. அன்று தொடக்கம் அவள் எதையும் அடியிலிருந்துதான் வாசிக்கிறாள், சின்ன எழுத்தை முதலில். நேற்று எல்லாரும் பார்த்தது படத்தை. இன்று அவள் கண்ணாடியைப் போட்டு, மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து, அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் கிடந்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள்.

"இந்த விலாசம்... இது எனக்குத் தெரிஞ்ச விலாசம்."

"உனக்கோ? அவளையோ?"

"இடத்தைச் சொல்லுறன். போன மாசம் முகப்புக்குக் குத்துவிளக்குப் படம் ஒண்டு தேடினனான். சும்மா தருவம் எண்ட ஒரு தளத்திலை எடுத்தனான். அந்தத் தளத்தின்ரை பேர்தான் இது."

"விளக்குக்கும் இவளுக்கும் என்ன தொடசல்?"

"படம் தர முதல் ஒண்டு கேட்டது. 'அறிவிப்புகளைக் காட்ட விரும்புகிறது' எண்டு எழுதி, 'அனுமதி', 'தடு' எண்டு ரெண்டு பொத்தான்."

"நீ எதை அமத்தினனி?"

"அனுமதி."

"ஏன்?"

"ஏனெண்டு கேட்டால்?" அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஆரும் குறுக்கை நிண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போட்டுக் கடந்து போறதுதானே எங்கடை பழக்கம். ஓமந்தைச் சோதனைச் சாவடியிலை எத்தினை வருசம் நிண்டனாங்கள்? பையைத் திற எண்டால் திறந்தம். இறங்கி நட எண்டால் நடந்தம். மாட்டன் எண்டு ஒருநாள் சொல்லியிருப்பமோ? கை தன்ரை பாட்டிலை அனுமதிக்குத்தான் போகுது."

"இது ஓமந்தை இல்லையே," என்றார் சின்னராசா.

"அதைத்தான் நானும் இப்ப யோசிக்கிறன். இது என்ரை வீடு. மறிச்சுக் கேக்கிறது நானெல்லோ?" அவள் மவுஸைப் பிடித்தாள். "உள்ளுக்கை ஒரு பேயும் இல்லை, ஒரு வைரசும் இல்லை. நானே படலையைத் திறந்து விட்டிட்டன். அவை வந்து வந்து கூப்பிடுகினம். குடுத்த அனுமதியைத் திருப்பி எடுக்க ஒரு இடம் இருக்கத்தானே வேணும்."

இருந்தது. ஆனால் லேசில் அகப்படவில்லை. இணைய உலாவியைத் திறந்து அதன் மேல் மூலையில் இருந்த மூன்று புள்ளியைத் தட்டியபோது முதலில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரிப் பெருத்தது. திரும்பத் தட்டியபோது அச்சிடவா என்று கேட்டது. "மாட்டன்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மூடினாள். மூன்றாம் தடவை 'அமைப்புகள்' திறந்தது. அதற்குள் 'தனியுரிமை', அதற்குள் 'தள அமைப்புகள்', அதற்குள் 'அறிவிப்புகள்'. அடுக்குப் பானை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. கடைசிப் பானையின் அடியில் ஒரு பட்டியல் கிடந்தது: அறிவிப்பு அனுப்ப அனுமதிக்கப்பட்ட தளங்கள். இருபத்து மூன்று பெயர்கள்.

நேசமலர் அடியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

"விளக்குக்காரன். இது நான். பூக்கரைக்காரன், பக்க ஓரத்துக்குப் பூப்படம் தந்தவன், இதுவும் நான். இது ஆர், கிரிக்கெட்?"

சின்னராசா தலைக்கு மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, உங்களைத்தான். 'பரிசாகக் கார் விழுந்திருக்கு' எண்டு ஒருத்தன் நிக்கிறான். எனக்குக் கார் ஓடத் தெரியாது."

"அது... விழுந்தால் விழட்டும் எண்டு..."

"இஞ்சை நாலு பேர் நிரையா 'வைரஸைத் துடை, வைரஸைத் துடை' எண்டு நிக்கினம்."

"வைரஸ் இருக்கெண்டு அவங்கள்தானே சொன்னவங்கள்! துடைக்கச் சொல்லி அமத்தினனான்."

"எத்தினை தரம்?"

"வர வர அமத்தினனான்."

"துடைக்கிறவையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஊத்தையைச் சேர்த்திருக்கிறியள். இதுக்குள்ளை பெட்டிக்குப் பேய் பிடிச்சதாம்!"

"சரி சரி, ரீச்சர் வரப்போறா. தள்ளு."

முதலில் விளக்குக்காரனின் பெயரைத் தட்டினாள். 'தடு' வந்தது. சுட்டுவிரல் ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது. பெயர் பட்டியலிலிருந்து கீழே விழுந்தது. இரண்டாவதற்கு விரல் தயங்கவில்லை. ஐந்தாவதில் சின்னராசா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். பத்தாவதில் அவருக்கும் ருசி பிடித்துவிட்டது.

"அவனையும் தள்ளு! அந்தா, கிரிக்கெட்டுக்குக் கீழை ஒளிச்சு நிக்கிறான்!"

"கிரிக்கெட்டை விடவோ?"

"தள்ளு, தள்ளு. ரேடியோவிலை கேப்பன்."

"கார்?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "காரையும் தள்ளு."

இருபத்து மூன்றும் போன பிறகு, மேலே இன்னொரு வரி இருப்பதை அவள் கண்டாள். எந்தத் தளமும் இனி அறிவிப்பு அனுப்பக் கேட்கவே கூடாது என்று அதில் தெரிவு செய்யலாம்.

"இனிமேல் கேக்கவும் கூடாதாம்."

"அப்பிடியும் சொல்லலாமோ?"

"சொல்லலாமாம்," என்று சொல்லி நேசமலர் அதை அமத்தினாள். அமத்திவிட்டு விரலைத் தூக்காமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள்.

மூன்று மணி எப்போதோ தாண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் இருந்த சாக்கைக் கோழி ஒன்று பிராண்டிக்கொண்டிருந்தது. சின்னராசா போய்ச் சாக்கை எடுத்து உதறிவிட்டு வந்தார். இருவரும் கனகலிங்கத்தாரைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒரு "டிங்" கூட வரவில்லை.

சரியாக நாலு மணிக்கு ரீச்சரின் ஓட்டோ வந்து நின்றது. படங்களைத் திருப்பி எடுத்துப் போகப் பெரிய கடித உறை ஒன்றும் கையோடு கொண்டுவந்திருந்தா. அன்னபாக்கியம் இன்று கண்ணாடியோடு வந்திருந்தா.

"என்ன நேசமலர், திருத்தினீரோ? இல்லாட்டி...?"

"இருங்கோ ரீச்சர். நீங்களே பாருங்கோ."

முகப்புத் திறந்தது. ரீச்சர் தகப்பனைப் பார்க்கவில்லை. திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தா. வரலாறு வந்தது. தேவாரம் வந்தது. மூலை வெறுமையாகவே கிடந்தது.

"டிங்."

நாலு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. சின்னராசாவின் கை தானாகத் திரைக்குப் போய்விட்டது.

"என்ரை இல்லை," என்றாள் நேசமலர், திரையைப் பார்த்தபடியே. "சத்தம் உங்கடை கைப்பைக்குள்ளை, ரீச்சர்."

ரீச்சர் போனை வெளியே எடுத்துப் பார்த்தா. முகம் ஒரு மாதிரிப் போனது. சட்டென்று திரும்பப் பைக்குள் போட்டுச் ஸிப்பை இழுத்து மூடினா.

"ஆரடி?" என்றா தாய்.

"ஒருத்தருமில்லை அம்மா. நீங்கள் வம்சவழியைப் பாருங்கோ."

வம்சவழியில் ஒரு பேரும் விடுபடவில்லை. நன்றி வரைக்கும் போய், திரும்ப முகப்புக்கு வந்து, ரீச்சர் கொஞ்சநேரம் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அந்தக் கடித உறையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.

"அச்சுக்கு அனுப்பும்."

சின்னராசா தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வந்தார். "இருபத்திமூண்டு பேரை அடிச்சுத் துரத்தினனாங்கள் ரீச்சர்!"

"துரத்தினனாங்களோ?" என்றாள் நேசமலர்.

"நான் பக்கத்திலை இருந்தனான்தானே."

"இருந்தவர், ரீச்சர். பெட்டியை மல்லாவிக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டு, பிறகுதான் இருந்தவர்."

ரீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்னபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை, தேத்தண்ணியையும் எடுக்கவில்லை. கதிரையை முன்னுக்கு இழுத்து, திரையில் இருந்த கணவரின் நெற்றியை, புருவத்தை, நேசமலர் மீட்டெடுத்த அந்தக் கன்னத்து மச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தா. பிறகு திரும்பி, நேசமலரின் கையைப் பிடித்தா.

"பிள்ளை, என்ரையையும் நீதான் செய்யோணும், அதுக்கு ஒரு நல்ல படத்தை இப்பவே எடு, பல்லுக் கழட்டின பிறகு எடுத்தது ஒண்டையும் இவள் குடுத்தாலும் போட்டிடாதை."