பாதி வகுப்பில் கிடைத்த பெயர்

அந்த விடுதி அறையில் ஒரு வாளி, ஒரு கண்ணாடி, மூன்று பேர். மாவுச்சத்துப் பாடம் நடந்த மதியமே மூவருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. காலையில் துள்ளிக் குதித்துவிட்டுப் பத்து மணிக்கே சோர்ந்து விழுபவன் குளுக்கோஸ். மெதுவாகத் தொடங்கி நாள் முழுதும் தாங்குபவன் ஸ்டார்ச். மூன்றாமவன் நார்ச்சத்து.

அந்த வகுப்பில் நார்ச்சத்தின் காதில் விழுந்தது ஒன்றுதான்: நாரை உடம்பால் செரிக்க முடியாது. மூன்று வருடம் அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே சுமந்தான். பிறகு பதினைந்து வருடம் சிரிக்காமல் சுமந்தான்.

பழைய மாணவர் சந்திப்பில், அதே கேன்டீன் பெஞ்சில், கேட்டே விட்டான். "உண்மையச் சொல்லுங்கடா. நான் உங்களுக்கு எதுக்கும் உதவாதவனா?"

"யாருடா சொன்னா?" என்றான் குளுக்கோஸ்.

"நீங்கதான். செரிக்காததுன்னு பேரே வச்சீங்களே."

ஸ்டார்ச் டீயை நிதானமாகக் கீழே வைத்தான். "அதுக்கப்புறம் வாத்தியார் சொன்னதக் கேக்கலியா?"

"தூங்கிட்டேன்."

"அடப்பாவி! நார் இல்லேன்னா உள்ள ஒண்ணுமே நகராதுன்னாருடா. தினம் எங்கள உதைச்சு எழுப்பி, பரீட்சைக்கு இழுத்துட்டுப் போனது யாரு?"

"இதப்போய் பதினஞ்சு வருஷம் உள்ளயே வச்சிருந்தியா?" குளுக்கோஸ் தலையில் அடித்துக்கொண்டான். "நார்ச்சத்துக்கே மலச்சிக்கல்!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்வரை மூவரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நார்ச்சத்துதான் முதலில் எழுந்தான்.

"கூட்டம் ஆரம்பிச்சிருப்பாங்க. கிளம்புங்கடா."

மறுபேச்சில்லாமல் இருவரும் எழுந்தார்கள்.