மேசைக்கடியிலிருந்து வந்த பதில்கள்

முதல் மூன்று கேள்விகளுக்கும் சாமுண்டீஸ்வரிக்குப் பதில் தெரியும். மூன்றையும் கோட்டை விட்டாள்.

பெருங்களத்தூரில் அவள் படிக்கும் பள்ளியில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும், கையைக் கட்ட வேண்டும், டீச்சர் 'சொல்லு' என்ற பிறகே வாயைத் திறக்க வேண்டும். பத்து வருடமாக அடித்துப் பழக்கியது. இப்போது ஆன்லைன் வினாடி வினாவில், கம்ப்யூட்டரில் கேள்வி வந்தாலும் உடம்பு தானாக எழுந்துகொண்டது. வெப்கேமராவுக்கு அவள் வயிறு மட்டும்தான் தெரிந்தது. திரையில் எதிரணியான கோயம்புத்தூர்ப் பள்ளி விழுந்து விழுந்து சிரித்தது.

"தலையக் காணமுங்க சார்!" என்றான் அங்கே ஒருவன். அவள் உட்கார்ந்து மணிக்கான பொத்தானைத் தட்டுவதற்குள் அவர்கள் பதிலைச் சொல்லி முடித்திருந்தார்கள்.

பத்தாவது முடிந்ததும் மீன் விற்க வந்துவிடு என்று அம்மா சொல்லிவிட்டாள். இதில் வென்றால்தான், போட்டியை நடத்தும் கம்பெனியின் விடுதிப் பள்ளியில் செலவில்லாமல் பிளஸ் ஒன் படிக்கலாம்.

இடைவேளையில் அமலராணி டீச்சர் கேமராமேல் கைக்குட்டையைப் போட்டார். "எருமை! உட்காருன்னா உட்கார மாட்டியா? கீழ எறங்கு. உன் கிளாஸ் ஜோஷ்வா சேர்ல உட்காரட்டும். நீ சொல்றத அவன் திருப்பிச் சொல்லுவான்."

"அப்போ அந்த ஹாஸ்டல் ஸ்கூல் சீட்டு, டீச்சர்?"

"அதெல்லாம் நான் பேசிக்கறேன்."

மேசைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எழ இடமில்லை. பதில்கள் மளமளவென்று போயின. இரண்டு பள்ளியும் சமநிலைக்கு வந்தபோது, போட்டி நடத்துபவரின் குரல் மேலே கேட்டது. "பிரமாதம் ஜோஷ்வா! எங்க ஹாஸ்டல் உனக்குப் பிடிக்கும் பாரு."

"தேங்க் யூ சார்," என்றார் டீச்சர். சாமுண்டீஸ்வரியின் பெயர் வரவேயில்லை.

கடைசிக் கேள்வி. பல்பின் இழை எந்த உலோகம்? ஜோஷ்வா மணியை அடித்துவிட்டு அவள் தோளைக் காலால் இடித்தான். "சொல்லுடி."

அவள் கிசுகிசுக்கவில்லை. உரக்கவே கேட்டாள். "என் பேரச் சொல்லுங்க டீச்சர். அப்பதான் சொல்லுவேன்."

மேசைமேல் இருந்த மைக் அதை அப்படியே கொண்டுபோனது.

"யாரது? கீழ யாரு?"

"காப்பியடிக்கறாங்க சார்!" கோயம்புத்தூர் கூச்சல் போட்டது.

டீச்சர் வயரைப் பிடுங்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் செல்போன் ஒலித்தது. "சாரி சார்... சரி சார்..." என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு, பின்பெஞ்சுகளில் உட்கார்ந்து போட்டியை வேடிக்கை பார்த்த வகுப்பின் பக்கம் திரும்பினார். "போட்டியிலேருந்து ஸ்கூலையே நீக்கிட்டாங்க. இனிமே எந்த வருஷமும் நமக்குக் கெடையாதாம். யாரால? கீழ உட்கார்ந்திருக்காளே, அவளால."

ஜோஷ்வா குனிந்து பார்த்தான். "நீயும் போவல, என்னையும் போவ வுடல. போ, மீனு வித்துகினு கெட."

"மேசையத் திருப்பி ஹெச்.எம். ரூமுக்கே தூக்குங்கடா," என்றார் டீச்சர்.

இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். வெறும் சிமெண்டுத் தரையில், முழங்காலைக் கட்டியபடியே, எல்லோருக்கும் நடுவில் அவள் இருந்தாள். மேசைக்கால் தலையில் இடிப்பதுபோல் வந்தது.

"சுத்திப் போங்கடா. மேச கீறிடப் போவுது," என்றார் டீச்சர்.